ஐந்து ஒன்பது பூஜ்யம் மூன்று

பொதுக். டயருக்கடியில் எலுமிச்சம்பழம் நசுங்குகிற சத்தம். அதை வெடிப்பென்று சொல்ல முடியாது, கசிவென்றும் சொல்ல முடியாது. ஈரமான ஒரு சின்னச் சம்மதம் போல இருக்கும். அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது, இன்னும் காதுக்குள் புதிதாகத்தான் கிடக்கிறது. எங்கள் அப்பா வீட்டு வாசலில் இரண்டு புதுக் கார்கள், சக்கரத்துக்கு ஒரு பழம், பொதுக் பொதுக் பொதுக் பொதுக், கொஞ்சம் இடைவெளி, அடுத்த வண்டி, மறுபடியும் நான்கு. மொத்தம் எட்டு. அன்றைக்கு யாரும் எண்ணவில்லை. எண்ணியிருந்தால் தளவாய் பழத்திலும் ஒன்றைக் குறைக்கச் சொல்லியிருப்பார். தளவாய் என் தங்கை ஆவுடையின் வீட்டுக்காரர். எதைக் கண்டாலும் கூட்டிப் பார்ப்பார், பஸ் டிக்கெட்டை, கல்யாணத் தேதியை, ஆஸ்பத்திரியில் அறைக் கதவின் மேல் எழுதியிருக்கிற எண்ணை. கூட்டி எட்டு வந்தால் அவர் முகம் சின்னதாகிவிடும். சனியின் எண் என்பார். என் வீட்டுக்காரர் குற்றாலிங்கத்துக்கு அதில் ஒரு தனி ருசி. "வாரும் சகலை, உமக்கு எட்டு இட்லி வைக்கச் சொல்லியிருக்கேன்" என்பார். தளவாய் ஏழோடு எழுந்துவிடுவார், அல்லது ஒன்பதாவதைக் கேட்டு வாங்கி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தின்பார். இப்போது இரண்டு பேரும் இல்லை. வண்டிகள் இரண்டும் இருக்கின்றன. ஒன்றில் நான் உட்கார்ந்திருக்கிறேன், ஸ்டியரிங்குக்குப் பின்னால், ஊருக்கு வெளியே வண்டிகளைப் பதிவு செய்கிற அலுவலகத்தின் மைதானத்தில், உடைமரத்தின் கிழிந்த நிழலில். என் பக்கத்து இருக்கையில் ஆவுடை. எதிரே, மூக்கோடு மூக்கு வைத்தது போல, அவளுடைய வண்டி. இரண்டும் அந்தக் காலத்து ஹெரால்டு கார், இரண்டும் வெண்டைக்காய்ப் பச்சை. அவள் மகன் நயினார் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தான், இதை நான் ஓட்டிக்கொண்டு வந்தேன், மாட்டு வண்டி எங்களை முந்திக்கொண்டு போனது. ஆவுடை தன் வண்டியில் ஏறாமல் என்னோடு ஏறினாள். அவளிடமிருந்து விபூதி வாசனையும் ரெக்ஸின் சூடாகிற வாசனையும் கலந்து வருகிறது. நயினார் உள்ளே காகிதங்களோடு வரிசையில் நிற்கிறான்.

அப்பாவுக்கு இரண்டு பெண்கள், இரண்டு மருமகன்கள். ஒருவருக்குக் கூட, ஒருவருக்குக் குறைய என்று பேச்சு வந்துவிடக் கூடாது. அதில் அவருக்கு உயிர். பொங்கல்படி கொடுத்தாலும் இரண்டு கரும்பையும் நிறுத்தி உயரம் பார்ப்பார். அதனால் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் ஒரே கடையில் ஒரே நிறத்தில் கார், ஒரே வாசலில் பூஜை. நம்பர் மட்டும் அவர் கையில் இல்லை. அது பூஜைக்குப் பிறகுதான் வந்தது. எங்களுக்கு ஐந்து ஒன்பது பூஜ்யம் நான்கு. தளவாய்க்கு ஐந்து ஒன்பது பூஜ்யம் மூன்று. தளவாய் கூட்டினார். ஐந்தும் ஒன்பதும் பதினாலு, மூன்று சேர்ந்தால் பதினேழு, ஒன்றும் ஏழும் எட்டு. மத்தியானச் சாப்பாடு வேண்டாமென்று சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். ஆவுடை கதவுக்கு வெளியே நின்று முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள். அப்போது நயினார் அவள் வயிற்றில். குற்றாலிங்கம் உள்ளே போனார். "எந்திரியும் சகலை. எட்ட என்கிட்ட தாரும். எனக்கும் சனிக்கும் வாய்க்கால் தகராறு ஒண்ணும் கெடையாது" என்று அவர் சொன்னது வெளியே கேட்டது. அப்புறம் இரண்டு பேரும் சிரித்ததும் கேட்டது. எல்லாம் முறைப்படிதான் செய்தார்கள். உன் வண்டியை எனக்கு விற்றாய், என் வண்டியை உனக்கு விற்றேன் என்று எழுதிக் கொடுத்து, பதிவுப் புத்தகத்தில் பெயர் மாற்றி வாங்கிக்கொண்டு வந்தார்கள். அதன்படி வண்டியையும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். அம்மா விடவில்லை. "பூச போட்டு, பழம் நசுக்கி, அவுக அவுக பேருக்கு அர்ச்சனை பண்ணின வண்டிய மாத்துவியளோ? தாலி கட்டுன பொறவு பொண்ண மாத்துற மாதிரில்லா இருக்கு?" அப்படி ஒரு கேள்விக்கு எந்த மருமகனால் பதில் சொல்ல முடியும்? சாயங்காலம் சகலைகள் இருவரும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் திருப்புளியோடு உட்கார்ந்து நம்பர் தகடுகளை மட்டும் கழற்றி மாற்றி மாட்டினார்கள். காகிதத்தில் வண்டி மாறியது. வாசலில் தகடு மட்டும் மாறியது. அன்றிலிருந்து ஐந்து ஒன்பது பூஜ்யம் மூன்று எங்கள் வண்டியின் நெற்றியில் இருக்கிறது. அந்த எண்ணுக்குச் சொந்தமான உடம்போ ஆவுடை வீட்டுக் கொட்டகையில் இருந்தது.

உடம்புக்கு ஒரு எண் உண்டு. வண்டி பிறக்கும்போதே அடித்துவிடுகிற எண், சேஸிஸ் நம்பர். ஹெரால்டில் பானெட்டைத் தூக்கினால் உள்ளே தெரியும். தகட்டைக் கழற்றலாம், அதைக் கழற்ற முடியாது. புத்தகத்தைப் புதுப்பிக்கிற போதெல்லாம் அந்த எண்ணின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்துக் கொடுக்க வேண்டும். அதற்காகவே என் வீட்டுக்காரர் ஆவுடை வீட்டுக்குப் போவார், சட்டைப்பையில் ஒரு பென்சில், அது மழுங்கினால் இன்னொன்று. தன் நம்பருக்கு அவர்கள் வண்டியிலிருந்து ஒரு அச்சு, அவர்கள் நம்பருக்கு நம் வண்டியிலிருந்து எடுத்துக்கொண்டு போன ஒரு அச்சு. இரண்டு சகலைகளும் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்தில் காப்பியடிக்கிற பையன்கள் போலக் கிசுகிசுப்பார்கள். தளவாய் போன பிறகும் இவர் போனார், போய்க்கொண்டே இருந்தார். ஆவுடை டார்ச் லைட்டைப் பிடிப்பாளாம். "அத்தான், ஆறு சரியா விழல, இன்னொருக்கா தேயுங்க" என்பாளாம். வந்து என்னிடம் சொல்லுவார். விரல் நுனியெல்லாம் ஈயக் கருப்பாக இருக்கும், அந்தக் கையாலேயே காப்பி டம்ளரைப் பிடிப்பார், நான் திட்டுவேன், டம்ளரில் அவர் விரல் ரேகை கோலம் போல விழுந்திருக்கும். கழுவுவதற்கு முன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். போன வருடம் அவரும் போய்விட்டார். இப்போது பென்சில் செல்லாது. நம்பர் தகடும் உடம்பு எண்ணும் செல்போனில் படமாகப் போக வேண்டும். பழைய கார்களுக்கென்று தனியாக ஒரு பதிவு வந்திருக்கிறதென்று நயினார் ஆசை ஆசையாக இரண்டு வண்டிக்கும் படம் எடுத்து அனுப்பினான். இரண்டும் திரும்பி வந்துவிட்டன. இந்த வண்டியில் அந்த வண்டியின் எண், அந்த வண்டியில் இந்த வண்டியின் எண், இது என்ன திருட்டா என்று கேட்டிருக்கிறார்கள். அலைந்து திரிந்து ஒரு வழி கண்டுபிடித்தான். இரண்டு சொந்தக்காரர்களும் வண்டியோடு நேரில் வந்து, நடந்ததைச் சொல்லி, இன்ஸ்பெக்டர் முன்னால் கையெழுத்துப் போட்டால் இரண்டு புத்தகத்திலும் சேஸிஸ் நம்பரைத் திருத்திக் கொடுப்பார்கள். தகடு அங்கங்கே இருக்கும், வண்டி அங்கங்கே இருக்கும், எழுத்து மட்டும் உண்மைக்கு வந்து சேரும். ஒருத்தர் போடவில்லை என்றாலும் இரண்டு வண்டியும் இனி ரோட்டுக்கு வர முடியாது, உடைக்கிற இடத்துக்குத்தான். ஆவுடை சரி சரி என்றுதான் வந்தாள். வண்டியை நிறுத்தி நான் சாவியைத் திருப்பினதும், "எக்கா, நான் போடல" என்றாள். "என்னத்தப் போடல?" "கையெழுத்து." "ஏட்டி, இம்புட்டுத் தூரம் வந்துட்டு?" "வந்தா? வந்தா போட்டுறணுமா? நீ என்ன இழுத்துட்டுத்தான வந்த." "நீயாத்தான ஏறி உக்காந்த." அவள் மூக்குத்தியைத் திருகிக்கொண்டாள். சின்ன வயதில் பொய் சொல்லும்போது மூக்கைத் தொடுவாள், மூக்குத்தி வந்த பிறகு அதைத் திருகுகிறாள். வயது எண்பதை நெருங்கியும் அந்த விரல் அங்கேதான் போகிறது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது, இரண்டையும் விழுங்கினேன்.

அவளுக்குத் தெரியாமல் நான் எதிரே பார்த்துக்கொண்டிருக்கிறேன். மைதானத்தின் நடுவில் சுண்ணாம்புக் கோட்டால் தரையில் ஒரு பெரிய எட்டுப் போட்டிருக்கிறார்கள். லைசென்ஸ் வாங்க வருகிற பிள்ளைகள் அதற்குள் ஸ்கூட்டரை ஓட்டிக் காலை ஊன்றாமல் சுற்றி வரவேண்டும். ஊதா சுடிதார் போட்ட ஒரு பெண் வளைவில் ஊன்றிவிட்டாள். மறுபடியும் வருகிறாள். ஆவுடை அந்தப் பக்கமே திரும்புவதில்லை, வந்ததிலிருந்து அலுவலகத்துச் சுவரையே பார்க்கிறாள். எட்டு என்பது என்ன? நான் கல்லூரியில் கணக்குப் படித்தவள். எந்த எண்ணையும் கூட்டிக் கூட்டி ஒற்றை இலக்கமாக்கினால் கிடைப்பது அதை ஒன்பதால் வகுத்த மீதி, அவ்வளவுதான். ஒன்பது வண்டி ஓடினால் அதில் ஒன்று எட்டு. உலகத்தில் ஒன்பதில் ஒரு பங்கு மனிதர்கள் எட்டில் ஏறித்தான் வேலைக்குப் போகிறார்கள், எட்டில்தான் கல்யாணத்துக்குப் போகிறார்கள். இதை எத்தனை தடவை எனக்குள் சொல்லியிருப்பேன். இவர் சுரண்டை வரைக்கும் போய்விட்டு வர நேரமானால் வாசலில் நின்று சொல்வேன், மீதி, மீதி, வெறும் மீதி. ஹாரன் கேட்டதும் கணக்கு நின்றுவிடும். எனக்கு ஒன்றும் தங்கவில்லை. முதலாவது மூன்றாம் மாதம், அடுத்தது கொஞ்சம் கூட, அதற்கடுத்தது பெயர் வைக்கிற வரைக்கும் நினைப்புப் போயிற்று. ஆவுடைக்கு நயினார், அப்புறம் இரண்டு பெண்கள். ஒவ்வொரு குழந்தையையும் முதலில் என் மடியில்தான் போட்டாள், தாய் மடிக்கு முன்னால் என் மடி. அதை நான் அன்பு என்று எடுத்துக்கொண்டேன், அன்புதான், ஆனால் கொடுக்கும்போது அவள் என் கண்ணைப் பார்க்கமாட்டாள். அது என்ன என்று அப்போது தெரியவில்லை. இப்போது, அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிற இந்த விதத்தில், எனக்குள் ஏதோ ஒன்று மெல்லத் திரும்புகிறது, பூட்டில் சாவி போல. அவள் நினைப்பது தகட்டை. தன் வீட்டு எட்டைக் கழற்றி அக்கா வீட்டு நெற்றியில் மாட்டினோமே, அங்கே தொட்டில் ஆடவில்லையே. இத்தனை வருடம் இதையா சுமந்தாள்? நான் நினைத்தது வேறு. நான் ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லாதது. தளவாய்க்கு நாற்பது முடியவில்லை. வள்ளியூர் ரோட்டில் அவர் வண்டி ஓரமாக நின்றிருந்தது, அவர் உள்ளே சாய்ந்திருந்தார், நெஞ்சு. செய்தி வந்த நேரத்தில் எல்லாரும் அழுகிறார்கள், எனக்குள் ஒரு மூலையில் மட்டும் கணக்கு ஓடுகிறது: தகடுதானே மாறியது, உடம்பு மாறவில்லையே, எட்டாகப் பிறந்த உடம்பு அவரிடம்தானே இருந்தது. அப்படியானால் எட்டு எதில் ஒட்டும்? தகட்டிலா, இரும்பிலா? தகட்டில் என்றால் என் பிள்ளைகள். இரும்பில் என்றால் அவள் புருஷன். இரண்டிலும் பாதிப் பாதி என்றால் அப்பா பங்கு பிரித்தது போல் ஆகிறது, ஒருவருக்குக் கூட இல்லை, ஒருவருக்குக் குறைய இல்லை. எதிலும் இல்லை என்றால், எதிலும் இல்லை என்றுதான் எனக்குத் தெரியுமே, மீதிதானே, அப்புறம் ஏன் இந்த வளைவிலேயே வந்து வந்து கால் ஊன்றுகிறேன்? ஊதா சுடிதார் மறுபடியும் ஊன்றிவிட்டாள். யாரோ சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு ஆரம்பத்துக்குப் போகிறாள். எட்டில் ஆரம்பம் என்று ஓர் இடம் இருக்கிறதா என்ன? எங்கே நுழைந்தாலும் நுழைந்த இடம்தான்.

நயினார் வருகிறான், அவனுக்கு முன்னால் காக்கிச் சட்டை போட்ட ஒரு பெண். இன்ஸ்பெக்டர். என் பேத்தி வயது சொல்லலாம், எனக்குப் பேத்தி இருந்திருந்தால். கையில் செல்போன், நெற்றியில் வேர்வை. இரண்டு வண்டியையும் சுற்றி வந்து, "அட, ரெட்டைப் பிள்ளைங்க மாதிரி இருக்கு" என்று தானாகவே சொல்லிக்கொண்டாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. "எது யாரு வண்டிம்மா?" "பெரியம்மா, சொல்லுங்க" என்றான் நயினார். அடுத்த வருடம் பேங்கிலிருந்து ஓய்வு பெறப் போகிறவன், அம்மாவும் பெரியம்மாவும் ஒன்றாகச் சேர்ந்து மௌனமாக இருந்தால் இன்னும் ஏழு வயதுப் பையன் போல விழிக்கிறான். நான் இறங்கி நடந்ததைச் சொன்னேன். நம்பர் வந்தது, கூட்டினது, பெயர் மாற்றினது, அம்மா மறித்தது. இன்ஸ்பெக்டர் முதலில் தலையசைத்துக்கொண்டிருந்தாள், தாலி இடம் வந்ததும் செல்போனால் வாயை மூடிக்கொண்டாள். "சரிம்மா. இதே மாதிரி எழுதியிருக்கு. நீங்க ஒண்ணு போடுங்க, அவங்க ஒண்ணு போடட்டும்." நான் பானெட்டின் மேல் வைத்துப் போட்டேன். தகரம் சுட்டது. ஆவுடை வண்டியை விட்டு இறங்கவில்லை. "அம்மா, வெயிலுக்கு மயக்கமா வருதா?" என்று நயினார் குனிந்தான். "மயக்கமும் இல்ல மண்ணும் இல்ல. நீ அந்தப் பக்கம் போ." அவன் போனான். இன்ஸ்பெக்டர் நாகரிகமாக எதிர் வண்டியின் தகட்டைப் படம் எடுக்கப் போய்விட்டாள். நான் கதவோரம் நின்றேன். ஆவுடை என்னைப் பார்க்காமல், ஸ்டியரிங்கைப் பார்த்துப் பேசினாள். "இப்ப இருக்கிறது அது ஏதோ மாறிப் போயி, தகடு ஒரு எடத்துல, வண்டி ஒரு எடத்துல, எட்டுக்கே வழி தெரியாமத் திரியுது. இத எழுதிட்டா முடிஞ்சு போச்சு. எட்டும் ஒன்னோடது, இந்த வண்டியும் ஒன்னோடது, கெவர்மெண்டு சீல் போட்டு ஒட்டிருவான். ஒருக்கா எங்க வீட்டு எட்ட ஒந் தலையில கட்டினது பத்தாதா? ஒனக்கு ஒண்ணும் தங்காமப் போனது எதுனாலன்னு நெனைக்க? இத நான் வேற என் கையால எழுதிக் குடுக்கணுமா?" குரல் கீச்சென்று போய் நின்றது. உடைமரத்தில் ஒரு தவிட்டுக்குருவிக் கூட்டம் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. மீதி என்று சொல்லலாம் என்று நினைத்தேன். ஒன்பதால் வகுத்த மீதி ஏட்டி என்று. அது எனக்கே உதவாத கணக்கு. வள்ளியூர் ரோட்டைச் சொல்லலாம். சொன்னால் ஒரு பாரத்தை இறக்கி இன்னொன்றை ஏற்றினது போல ஆகும், அதை நான் இனியும் சொல்லப்போவதில்லை. குனிந்து அவள் மூக்குத்தியிலிருந்து விரலை எடுத்துவிட்டேன். "ஆவுடை, அன்னைக்கு ரெண்டு ஆம்பிளையளும் உள்ள உக்காந்து பேசி மாத்திக்கிட்டாக. ஒன்னையும் கேக்கல, என்னையும் கேக்கல. நீ குடுக்கவும் இல்ல, நான் வாங்கவும் இல்ல. இப்ப நான் கேக்கேன். அது எங்க வீட்டுல இருந்த நம்பரு. அவரு அத வச்சுக்கிட்டு என்னையக் கன்னியாகுமரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காக, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காக, ஒவ்வொரு தடவையும் வெறுங்கையோட திரும்பக் கூட்டிட்டும் வந்திருக்காக. திரும்புற வழியெல்லாம் ஒத்தக் கையாலதான் ஓட்டுவாக, இன்னொரு கை என் கைய விடாது. எனக்கு அந்த எட்டு வேணும். எனக்குத் தா." அவள் இப்போதுதான் திரும்பினாள். கண் சிவந்திருந்தது, கோபமும் இருந்தது. "பைத்தியமாக்கா ஒனக்கு? எட்டப் போயி யாராவது கேட்டு வாங்குவாகளா?" "நான் வாங்குதேன்." "ஒனக்குச் சின்னதுலயிருந்தே இப்படித்தான், என் கையில இருக்கிறது எதுன்னாலும் வேணும்." "ஆமா. தாயேன்." அவள் வெளியே கையை நீட்டி, "எங்க அந்தப் பேனா?" என்றாள். எழுத்துக் கூட்டி எழுதுகிறவள் போல மெதுவாக, தளவாயின் பெயரையும் சேர்த்து முழுசாக எழுதினாள். இன்ஸ்பெக்டர் பானெட்டைத் தூக்கச் சொல்லி உள்ளே செல்போனை நீட்டிப் படம் எடுத்தாள், ஒரு தடவை, சரியாக விழவில்லையென்று இன்னொரு தடவை. புத்தகம் பதினைந்து நாளில் தபாலில் வருமென்றாள். வந்தது. தை பிறந்ததும் ஆவுடை ஒரு டிரங்குப் பெட்டியோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். அன்றிலிருந்து என்னோடுதான் இருக்கிறாள்.